பீப்பாய் வேண்டாம் என்றவள்

ரிச்மண்ட் ஹில், குயின்ஸ்
ஜனவரி 14, 2024

அன்புள்ள தங்கை சுர்சத்திக்கு,

சீதாராம். நானும் என் முட்டிவலியும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை ஹரிலாலின் ரத்தக்கொதிப்பு அடங்கியிருக்கிறதா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். இங்கிருந்து கயானாவுக்கு வாரம் நாலு பேராவது கிளம்புகிறார்கள். யார் பையிலாவது இது வந்து சேரும்.

லிபர்ட்டி அவென்யூவில் காய் வாங்கப் போனால் இப்போது யாரும் என்னை விசாரிப்பதில்லை. "ருக்மின், உன் தங்கச்சி எப்படி இருக்கா? எண்ணெய்க் கிணத்து மேலேயே உக்காந்திருக்காளாமே!" என்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரன் ஒரு வீடியோ காட்டினான். நாலு வழிச் சாலை, கண்ணாடி ஹோட்டல், ஆற்றுக்குக் குறுக்கே புதுப் பாலத்தின் தூண்கள். "உலகத்துலயே வேகமா வளர்ற நாடு இப்ப நம்மளுதுதான் ஆன்ட்டி. நாமதான் அவசரப்பட்டு வந்துட்டோம்" என்றான். முப்பத்தோரு வருடமாக ஒரு பேஸ்மென்ட்டில் தலைக்கு மேலே அடுத்தவன் கழிப்பறைக் குழாய் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவசரமாம்.

வீட்டுக்காரர் நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை உங்களுக்கே விற்கப் போவதாக எழுதியிருந்தாயே, முடிந்ததா? நீ சொல்லவே இல்லை. ஈஸ்டருக்கு வழக்கம்போல் பீப்பாய் நிறையச் சாமான் கட்டி அனுப்பவா? இல்லை, இனிமேல் நீதான் எனக்கு அனுப்ப வேண்டுமா?

உன் அக்கா
ருக்மின்


குரோவ், டெமராரா கிழக்குக் கரை
பிப்ரவரி 11, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சீதாராம். அம்பாள் தயவில் இருவரும் நலம். உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

லிபர்ட்டி அவென்யூவில் சொல்வது பொய்யில்லை. மேல்வீட்டில் இப்போது ஹூஸ்டனிலிருந்து வந்த எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் நாலு பேர் இருக்கிறார்கள். எல்லா அறையிலும் ஏசி. "சுர்சி ஆன்ட்டி, உங்க தால் பூரிக்கு முன்னாடி எங்க ஊரு சாப்பாடெல்லாம் ஒண்ணுமே இல்லை" என்கிறார்கள். ஹரிலால் புதிய ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மந்திரிகள் வந்தால் முதலில் பார்ப்பது இவரைத்தான். நானும் அங்கே போய் முன்கூடத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். இதோடு வைத்திருக்கிறேன். தரை எப்படிப் பளபளக்கிறது பார்.

பீப்பாய் வேண்டாம் அக்கா. இங்கே சூப்பர்மார்க்கெட்டில் ஸ்ட்ராபெரியே கிடைக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, ஒவ்வொரு பீப்பாயிலும் நீ போட்ட பழைய குளிர்க்கோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த வெயிலில் இதை யாருக்குப் போர்த்துவது என்று நான் எத்தனை வருடம் முழித்திருக்கிறேன் தெரியுமா?

உன் தங்கை
சுர்சத்தி


ரிச்மண்ட் ஹில்
மார்ச் 31, 2024

அன்புள்ள சுர்சத்திக்கு,

சீதாராம். நலம், நலமறிய ஆவல். ஃபாக்வா ஹோலி ஊர்வலத்தில் எல்லார் மேலும் வண்ணப்பொடி தூவினார்கள். நான் குளிரில் விறைத்துப்போய் அரை மணியில் திரும்பிவிட்டேன்.

உன் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு எல்லாருக்கும் காட்டினேன். காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கவிழ்த்து வைத்தேன். எனக்கு ஒளித்துப் பேசத் தெரியாது, வயிறு எரிகிறது. சின்ன வயதில் உனக்குப் புதுப் பாவாடை வாங்கினால் ஒரு மூலையில் கிழித்து வைப்பேனே, அதே எரிச்சல். அறுபத்தோரு வயதில் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது, நிற்கவும் மாட்டேன் என்கிறது.

பத்தொன்பது வருடமாக ஒரு இத்தாலியக் கிழவியைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டுகிறேன். நல்லவள்தான், ஆனால் சூப்பில் உப்புக் குறைந்தால் கிண்ணத்தை வீசுவாள். நீ என்னடாவென்றால் மேல்வீட்டை வெள்ளைக்காரனுக்கு விட்டுவிட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிறாய். கொடுத்து வைத்தவள். ஊரை விட்டு வராதவளுக்கு ஊர் கொடுத்திருக்கிறது. வந்தவளுக்கு முட்டிவலி.

பீப்பாய் அனுப்பவில்லை. நம் ஜனத்தில் பீப்பாய் வேண்டும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. "எதுக்குக்கா சிரமம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீ வேண்டாம் என்றே எழுதிவிட்டாய். அந்த ஒரு வார்த்தை தைத்தது.

ருக்மின்


குரோவ்
மே 26, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சீதாராம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பள்ளிக்கூடத்தில் நடுவில் கொஞ்ச நாள் வேலைநிறுத்தம், அப்புறம் விட்ட பாடமெல்லாம் நடத்த வேண்டியதாயிற்று. மற்றபடி நலம்.

பாலத்தின் தூண்கள் இப்போது குரோவிலிருந்து நகரத்துக்குப் போகும்போதே தெரிகின்றன. நான் பாடம் சொல்லிக்கொடுத்த பையன் ஒருவன், ஒன்பதாம் வாய்ப்பாடு வராமல் என்னிடம் அடி வாங்கினவன், நடுக்கடலில் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறான். என் சம்பளத்தைப்போல் ஐந்து மடங்கு வாங்குகிறானாம். "டீச்சர், நீங்க அடிச்ச அடிதான்" என்று ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து வைத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. தக்காளியும் மீனும் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அது எந்த ஊரில்தான் ஏறவில்லை?

மழை ஆரம்பித்துவிட்டது. மேல்வீட்டுக்காரர்கள் பால்கனியில் உட்கார்ந்து மழை பார்க்கிறார்கள்.

உன் எரிச்சலைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் நாலு தடவை படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சுர்சத்தி


ரிச்மண்ட் ஹில்
ஜூன் 16, 2024

அன்புள்ள சுர்சிக்கு,

சீதாராம். முட்டியைத் தவிர எல்லாம் நலம். ஹரிலாலுக்கு என் ஆசி.

ஒரு சங்கதி. நான் வந்துவிடுகிறேன். பத்து நாளைக்கு இல்லை, ஒரேயடியாக. கிழவியின் மகனிடம் ஆகஸ்ட் கடைசியோடு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "பத்தொன்பது வருஷம் கழிச்சு எங்கம்மாவை யாருகிட்ட விட்டுட்டுப் போறீங்க?" என்று கேட்டான். "என் சொந்த ஊரு பணக்கார ஊராயிடுச்சுப்பா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே மார்பு நிமிர்ந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவை.

கையில் இருக்கும் சேமிப்பைப் போட்டு அங்கே ஒரு ரொட்டிக்கடை திறக்கப் போகிறேன். உன் தால் பூரிக்கே கம்பெனிக்காரன் மயங்குகிறான் என்றால், உனக்கு மாவு பிசையச் சொல்லிக்கொடுத்த என் கையைப் பார்த்தால் விடுவானா? மேல்வீட்டில் ஒரே ஒரு அறையை எனக்குக் காலி செய்து கொடு. ஏசி இருக்கிற அறையாக இருக்கட்டும். நீ மட்டும் அனுபவித்தால் போதுமா? எனக்கும் அந்த நாட்டில் பங்கு உண்டு.

ருக்மின்


குரோவ்
ஜூன் 27, 2024

அக்கா,

சீதாராம். உன் கடிதம் நேற்று வந்தது. நாளைக்கே விமானம் ஏறுகிற ஒருத்தரைப் பிடித்து இதைக் கொடுக்கிறேன்.

வராதே. வேலையை விடாதே. கிழவியின் மகனிடம் போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்.

வீடு எங்களுக்கு வரவில்லை. கம்பெனி ஆட்கள் கேட்டதும் வீட்டுக்காரர் மேல்வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டார். கீழே வீட்டைத் தாங்கி நிற்கும் தூண்களுக்கு நடுவே பலகை அடித்து, முன்பு நாம் ஊஞ்சல்படுக்கை கட்டித் துணி உலர்த்தின இடம் இருக்கிறதே, அதில் எங்களை இருக்கச் சொன்னார். முழு வீட்டுக்குக் கொடுத்த வாடகையை இப்போது அதற்குக் கொடுக்கிறோம். வேறு இடம் பார்க்கலாம் என்றால் குரோவில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட ஊரே தாங்காத வாடகை. மேல்வீட்டுக்காரர்களுக்குக் கூலிக்குத்தான் சமைக்கிறேன். பள்ளி விட்டு வந்து சமைக்கிறேன். ஹரிலால் ஹோட்டலில் வாசல் காவல்காரர். சர்க்கரை ஆலையில் பாகுப் பதம் பார்க்கிற ஆளாக இருந்தவர், இவர் கை வைத்துப் பார்த்தால்தான் கொப்பரையை இறக்குவார்கள். இப்போது கம்பிக்கதவைத் திறந்து மூடுகிறார். நான் படம் எடுத்த அன்று, "சீக்கிரம் எடுத்துக்கிட்டுப் போ, மேலதிகாரி வந்தா எனக்குத்தான் திட்டு" என்றார்.

நாடு வளர்கிறது அக்கா, அது பொய்யில்லை. மேலே மேலே வளர்கிறது. கீழே இருக்கிறவர்களுக்கு அதன் நிழல் விழுகிறது, அவ்வளவுதான். எண்ணெய் எடுக்கிற நாட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை மின்சாரம் போகிறது. மேலே ஜெனரேட்டர் ஓடுகிறது, அதன் புகை எங்களுக்கு. நகரத்துக்குப் போக முன்பு அரை மணி, இப்போது கார்கள் பெருகி இரண்டு மணி. என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு கரும்பலகை. சம்பளம் போன வருடத்துச் சம்பளம், மீன் இந்த வருடத்து மீன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். முப்பது வருடம் உன்னைப் பார்த்து நான் வயிறு எரிந்திருக்கிறேன். நீ என்னைப் பார்த்து எரிவதாக எழுதினதும், அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை.

சுர்சத்தி


ரிச்மண்ட் ஹில்
ஜூலை 21, 2024

சுர்சத்திக்கு,

சீதாராம். நலமா என்று நான் கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

நல்ல கதை. பிப்ரவரியிலிருந்து ஏசி, ஸ்ட்ராபெரி, மந்திரி. நான் வருகிறேன் என்றதும் கீழ்வீடு, புகை, கரும்பலகை! ஒரே மாதத்தில் ஒரு நாடே ஏழையாகுமா? ரொட்டிக்கடைக்காரனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பங்குக்கு ஆளு வருதுன்னா எல்லாரும் இப்படித்தான் அழுவாங்க ஆன்ட்டி. என் மச்சானும் இதையேதான் சொன்னான். போய்ப் பார்த்தா மூணு மாடி வீடு" என்றான்.

உன் வீட்டில் பங்கு கேட்டேனா? ஒரு அறை. முப்பத்தோரு வருடம் பீப்பாய் பீப்பாயாக சோப்பும் பால்பவுடரும் செருப்பும் கட்டி அனுப்பினவள் ஒரு அறை கேட்கக் கூடாதா? நான் இல்லாதபோது என்னை எரிய வைத்தாய், வருகிறேன் என்றதும் தண்ணீர் ஊற்றுகிறாய். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ உனக்குப் பொறுக்காது, அதுதான் விஷயம். உனக்கு எப்போதும் அந்தக் குணம்தான்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதியோடு வேலைக்கு முழுக்கு. நான் வருவது உறுதி. நீ அறை தராவிட்டால் அந்தக் கண்ணாடி ஹோட்டலிலேயே தங்கிக்கொள்கிறேன்.

ருக்மின்


குரோவ்
ஆகஸ்ட் 4, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சீதாராம். உன் முட்டி எப்படி இருக்கிறது?

உண்மையைச் சொன்னால் நீ நம்புவாய் என்று நினைத்தது என் முட்டாள்தனம். முப்பது வருடம் நீ பேஸ்மென்ட் என்று எழுதினாய், தலைக்கு மேலே குழாய் என்று எழுதினாய். நான் ஒருநாளும் நம்பவில்லை. "டாலர்ல சம்பாதிக்கிறவ, நாம கூடக் கேட்டுடுவோமோன்னு முன்னாடியே அழுறா" என்று ஹரிலாலிடம் சொல்லிச் சிரிப்பேன். தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மா இல்லை. இனி உன்னிடம் எதையும் நிரூபிக்க மாட்டேன். ஒன்று கேட்கிறேன்.

பீப்பாய் அனுப்பு. யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை என்றாயே, நான் கேட்கிறேன். பால்பவுடர் பெரிய டப்பா, சமையல் எண்ணெய், ஆமாம், எண்ணெய்தான், சிரித்துக்கொள். பருப்பு. அரிசியும் போடு, நெல் விளைகிற நாட்டிலிருந்துதான் கேட்கிறேன். ஹரிலாலுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை, முன்பெல்லாம் காலுறைக்குள் சுருட்டி அனுப்புவாயே அதேதான். ஆஸ்பத்திரியில் இல்லை என்கிறார்கள், வெளியில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை, ஈஸ்டரிலிருந்து பாதி மாத்திரையாக உடைத்துத்தான் விழுங்குகிறார். போன வாரம் கதவருகே மயங்கி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி, கொஞ்சம் உயரமானது. மழை வந்தால் கால்வாய் நிரம்பி எங்கள் படுக்கை வரை வருகிறது. உன்னிடம் பழைய கோட்டு ஏதும் மிச்சமிருந்தால் அதுவும். அவர் விடியற்காலை மழையில் கதவருகே நிற்கிறார்.

இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

சுர்சத்தி


ரிச்மண்ட் ஹில்
செப்டம்பர் 15, 2024

அன்புள்ள தங்கைக்கு,

சீதாராம். பீப்பாயைப் போன சனிக்கிழமை கப்பலுக்குக் கொடுத்துவிட்டேன். மாத்திரை அதில் இல்லை. கப்பல் வர ஆறு வாரம் ஆகும் என்பதால் இந்தக் கடிதம் கொண்டுவருகிறவரிடமே கொடுத்திருக்கிறேன். ஹரிலாலை முழு மாத்திரை விழுங்கச் சொல். பாதி உடைத்தான் என்று கேள்விப்பட்டால் நீந்தியாவது வந்து உதைப்பேன்.

உன் கடிதத்தை பஸ்ஸில் வைத்துப் படித்தேன். படித்ததும் அழுதேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். படித்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது. அரிசி கேட்கிறாள், என் தங்கை அரிசி கேட்கிறாள், நான் தோற்கவில்லை என்று ஒரு குதூகலம் வந்தது சுர்சி. ஜமைக்கா அவென்யூவிலிருந்து நூற்றுப்பதினாறாம் தெரு வரை, நாலு நிறுத்தம், நான் சந்தோஷமாக இருந்தேன். ஐந்தாவது நிறுத்தத்தில்தான் பாதி மாத்திரை நினைவுக்கு வந்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி வரை போய்விட்டேன். நல்ல வாழ்க்கை வேண்டும் என்றுகூட எனக்கு இல்லை, உன்னைவிட நல்லதாக இருந்தால் போதும் என்றுதான் இருந்திருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாவிட்டால் அந்தப் பீப்பாயை அனுப்பும் யோக்கியதை எனக்கில்லை.

மறுநாளே கிழவியின் மகனிடம் ஓடினேன். வேறு பெண்ணை வைத்துவிட்டார்கள். ஜார்ஜியாக்காரி, முப்பது வயது, முட்டிவலி இல்லாதவள். கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு "உன் பணக்கார ஊருக்கு எப்ப போறே?" என்றாள். வேலை கொடுக்கும் ஏஜென்சியில் பெயர் எழுதியிருக்கிறேன். வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் தந்திருக்கிறார்கள். இந்த வயதுக்கு அவ்வளவுதான் என்கிறார்கள்.

நீ வராதே என்றபோது கேட்டிருக்க வேண்டும். இப்போது வரவும் முகமில்லை, இருக்கவும் வழியில்லை. இதற்காக உன்னைத் திட்டப் பார்த்தேன். எழுதின பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் அக்கா
ருக்மின்


குரோவ்
செப்டம்பர் 29, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சீதாராம். ஹரிலால் முழு மாத்திரை விழுங்குகிறார். நான் எதிரில் நின்று பார்க்கிறேன். "உங்கக்காவுக்கு இன்னும் அதே வாய்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாளாயிற்று.

நாலு நிறுத்தம் சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருந்தாய். உன் வேலை போனதைப் படித்தபோது எனக்கும் ஒரு நிறுத்தம் அளவுக்கு இருந்தது. இரண்டாவது நிறுத்தத்துக்குள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன், ஏனென்றால் நான் அனுப்பின படம்தான் உன் வேலையைத் தின்றது. அதற்கு என்ன மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாடு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று ரேடியோவில் சொல்லும்போது இப்போதெல்லாம் நான் அணைப்பதில்லை. யார் யாருக்கு வளர்கிறது என்று சொல்வார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.

ஜூனில் உனக்கு எழுதியதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர், வாடகை, புகை, சம்பளம் எல்லாம் எழுதினேன். வராதே என்று எழுதினேன். ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். வேகமாக வளரும் இந்த நாட்டை நம்பி வராதே என்றுதான் எழுதியிருக்க வேண்டும். என்னிடம் வராதே என்று எழுதினதாகத்தான் உனக்குப் பட்டிருக்கிறது, அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்போது சரியாக எழுதுகிறேன். கீழ்வீட்டில் ஒரே அறை. ஏசி கிடையாது, மழை வந்தால் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஓடும், மேலே நாலு பேர் ஷூ போட்டுக்கொண்டு நடப்பார்கள். சேமிப்பைக் கடையில் போட்டுவிடாதே, அங்கேயே வங்கியில் இருக்கட்டும். ஹரிலால் தரையில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கட்டில் அகலமானது, நாம் இருவருக்கும் போதும்.

வா அக்கா.

உன் தங்கை
சுர்சத்தி